நீலகிரியிலும் பழனி மலையிலும் ஓய்வுக்காலக் குடியிருப்பு: வாங்குமுன் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அறுபதை ஒட்டிய வயதில், நல்ல உடல்நலத்தோடும் ஓரளவு சேமிப்போடும் இருப்பவர்களுக்கென்றே கட்டப்படும் குடியிருப்புகள் கோயம்புத்தூரைச் சுற்றி முதலில் வேரூன்றின. இப்போது குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் பக்கமும் அத்தகைய வீடுகளுக்கு விளம்பரங்கள் வருகின்றன. குளிர்ந்த காற்றையும் தேயிலைச் சரிவையும் காட்டும் அந்த விளம்பரங்கள் சொல்லாமல் விடும் செய்திகளே வாங்குபவருக்குப் பெரிதும் தேவைப்படுகின்றன. வாழ்நாள் சேமிப்பை ஒரே இடத்தில் போடப்போகும் குடும்பங்கள் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை அளிக்கப்படுகிறது.

இவையும் முதியோர் இல்லங்களும் ஒன்றா?

இல்லை. முதியோர் இல்லத்தில் ஓர் அறையும் உணவும் கவனிப்பும் கிடைக்கும். வீடு உங்களுடையது ஆகாது. ஓய்வுக்காலக் குடியிருப்பில் தனி வீடோ அடுக்குமாடி வீடோ உங்கள் பெயருக்கு வரும், அல்லது நீண்ட காலத்துக்கு உங்கள் வசம் இருக்கும். பொதுச் சமையலறை, துப்புரவு, காவல், மருத்துவ உதவி ஆகியவை மாதக் கட்டணத்துக்கு வழங்கப்படும். ஆகவே நீங்கள் இரண்டு பொருள்களை வாங்குகிறீர்கள். ஒன்று செங்கல்லும் சிமென்டும்; மற்றொன்று, இருபது ஆண்டு தடையின்றி நடக்க வேண்டிய ஒரு சேவை. மலையில் முதலாவதை எளிதில் பெற்றுவிடலாம். இரண்டாவது கிடைக்குமா என்பதே கேள்வி, பின்வரும் விடைகளில் பெரும்பாலானவை அதைப் பற்றியவையே.

ஐம்பத்தைந்து வயது நிரம்பியவர்களுக்கு மட்டும் என்கிறார்களே, அது சட்டமா?

நம் நாட்டில் அது சட்டம் அல்ல. அமெரிக்காவில் 1960-இல் அரிசோனா மாநிலத்தில் தொடங்கப்பட்ட சன் சிட்டி போன்ற குடியிருப்புகள் இந்த முறையைப் பரப்பின. அங்கே 1995-இல் இயற்றப்பட்ட ஒரு கூட்டாட்சிச் சட்டப்படி, குடியிருக்கும் வீடுகளில் குறைந்தது 80 சதவீதத்தில் ஐம்பத்தைந்து வயதான ஒருவராவது இருந்தால், அந்தக் குடியிருப்பு குழந்தைகள் உள்ள குடும்பங்களுக்கு இடம் மறுக்கலாம். இங்கே வயது வரம்பு என்பது கட்டுநரோடு நீங்கள் செய்துகொள்ளும் ஒப்பந்தத்திலும் குடியிருப்போர் சங்கத்தின் துணைவிதிகளிலும் மட்டுமே இருக்கிறது. மத்திய வீட்டுவசதி அமைச்சகம் 2019-இல் ஓய்வுக்கால இல்லங்களுக்கான மாதிரி வழிகாட்டுதல்களை வெளியிட்டது. கைப்பிடிகள், வழுக்காத தரை, சக்கர நாற்காலி செல்லும் அகலம், அவசர அழைப்பு மணி போன்றவை அதில் பேசப்படுகின்றன. அதைக் கையில் வைத்துக்கொண்டு, "இவற்றில் எவை உங்கள் கட்டடத்தில் உள்ளன?" என்று கேட்பதற்கு உங்களுக்கு முழு உரிமை உண்டு.

மலையில் வீட்டு விலை ஏன் இவ்வளவு உயர்ந்திருக்கிறது?

வாங்க விரும்புவோர் பலர், கட்ட முடிந்த இடம் கொஞ்சம். 1990-இல் அமைக்கப்பட்ட மலைப்பகுதி பாதுகாப்பு ஆணையம், அதாவது ஊரில் எல்லோரும் 'ஹாக்கா' என்று சொல்வது, மலைக் கிராமங்களில் மனைப் பிரிவுக்கும் கட்டடத்துக்கும் கடிவாளம் போட்டது. 1993-இன் மலைவாழிடக் கட்டட விதிகள் அதை மேலும் இறுக்கின. நீலகிரியில் கட்டடத்தின் உயரம் ஏழு மீட்டரைத் தாண்டக் கூடாது. எனவே சமவெளியில் ஒரு ஏக்கரில் எழுப்பும் வீடுகளின் எண்ணிக்கையை இங்கே எவரும் நெருங்க முடியாது. மண் அள்ளும் இயந்திரத்தை இறக்கவும் ஆழ்துளைக் கிணறு தோண்டவும் மாவட்ட நிர்வாகத்தின் கட்டுப்பாடு இருக்கிறது. இவை அனைத்தும் தேவையான கட்டுப்பாடுகள் என்றே கருதுகிறேன். 2009 நவம்பரில் நீலகிரியில் ஏற்பட்ட நிலச்சரிவுகளில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததை மறந்துவிட்டு விதியைக் குறை சொல்ல முடியாது.

வார இறுதிக்கு வருபவர்களுக்கான தங்கும் வீடுகளும் அதே நிலத்துக்குப் போட்டியிடுகின்றன. தினசரி வாடகைக்கு விடும் எண்ணத்தோடு வாங்குபவர் தரும் விலையை, வாழ வருபவரும் தர வேண்டியிருக்கிறது. தேயிலையின் விலை சரியும்போது சிறு விவசாயி நிலத்தை விற்கிறார்; ஆனால் அதே ஊரில் அவருடைய மகனால் பின்னர் ஒரு மனை வாங்க முடிவதில்லை. வாங்குபவர்கள் இதையும் தெரிந்துகொண்டு வர வேண்டும்.

பக்கத்து இடத்தைவிடப் பாதி விலைக்கு ஒரு வீடு வருகிறது. வாங்கலாமா?

மலையில் பாதி விலைக்குப் பெரும்பாலும் ஒரு காரணம் இருக்கும். அது நிலத்தின் வரலாற்றில் இருக்கும். கூடலூர்ப் பக்கம் என்றால், ஜன்மம் என்ற பழைய நில உரிமை முறையை ஒழித்த 1969-இன் சட்டத்தில் பதினேழாம் பிரிவின் கீழ் வரும் நிலங்கள் பல பத்தாண்டுகளாக வழக்கில் சிக்கியவை. மசினகுடி, சீகூர்ப் பகுதியில் யானை வழித்தடம் இருக்கிறது. 2018-இல் அங்கே பல விடுதிகளுக்கு முத்திரை வைக்கப்பட்டது, 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் வழித்தட அறிவிப்பை உறுதி செய்தது. கொடைக்கானலில் உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2019-இல் விதிமீறிய கட்டடங்கள் பல பூட்டப்பட்டன. இவற்றைத் தவிர, 1949-இன் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அறிவிக்கப்பட்ட நிலத்தை உரிய குழுவின் அனுமதியின்றி விற்க முடியாது. நிபந்தனைப் பட்டாவில் வழங்கப்பட்ட நிலம் என்றால் நிபந்தனையை மீறிய கிரயம் எந்த நாளும் ரத்தாகலாம்.

ஆகவே வில்லங்கச் சான்றை மட்டும் பார்த்துவிட்டு முன்பணம் கொடுக்காதீர்கள். பத்திரப்பதிவு ஆனவற்றை மட்டுமே வில்லங்கச் சான்று காட்டும். நிலம் காடாக அறிவிக்கப்பட்டதா, கட்டடத்துக்கு ஹாக்கா அனுமதி இருந்ததா என்பதை அது காட்டாது. தாய்ப்பத்திரம் தொடங்கி இன்றுவரை உள்ள பத்திரங்கள், பட்டா, புல வரைபடம், நிலத்தின் வகையைக் காட்டும் வருவாய்த்துறையின் 'அ' பதிவேடு, கட்டட அனுமதி, நிறைவுச் சான்று ஆகியவற்றை அந்த மலையிலேயே தொழில் செய்யும் ஒரு வழக்கறிஞரிடம் காட்ட வேண்டும். சென்னையில் எவ்வளவு திறமையான வழக்கறிஞர் என்றாலும், எந்தச் சர்வே எண்ணில் எந்தத் தாவா ஓடுகிறது என்பதை ஊட்டி நீதிமன்றத்தில் வழக்கு நடத்துபவரே நாவின் நுனியில் வைத்திருப்பார்.

ரெரா பதிவு இருந்தால் போதுமா?

ரெரா, அதாவது வீடு, மனை விற்பனையை ஒழுங்குபடுத்தும் சட்டம், நல்ல காவல், ஆனால் அதற்கும் எல்லை உண்டு. 2016-இல் இயற்றப்பட்ட அந்தச் சட்டப்படி, பதிவுபெற்ற திட்டத்தில் வாங்குபவர்களிடம் பெறும் தொகையில் 70 சதவீதத்தைக் கட்டுமானத்துக்கும் நிலத்துக்கும் மட்டும் செலவிடும் தனி வங்கிக் கணக்கில் வைக்க வேண்டும். எழுத்துப்பூர்வமான விற்பனை ஒப்பந்தம் பதிவாகாமல் விலையில் பத்து சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது. வீட்டை ஒப்படைத்த ஐந்து ஆண்டுக்குள் கட்டமைப்பில் பழுது தெரிந்தால் கட்டுநரே செலவின்றிச் சரிசெய்து தர வேண்டும்.

நிலம் 500 சதுர மீட்டருக்கு மேற்படாமலோ, வீடுகள் எட்டுக்கு மேற்படாமலோ இருந்தால் பதிவு கட்டாயமில்லை. மலையில் சரிவுக்கு ஏற்ப ஆறு வீடு, எட்டு வீடு என்று கட்டும் சிறு திட்டங்கள் அதனால் சட்டத்தின் கைக்கு எட்டாமல் போகின்றன. மேலும், வீடு கட்டி ஒப்படைக்கும் வரைதான் ரெராவின் பலம் முழுமையாக உங்களுக்குக் கிடைக்கும். பத்தாம் ஆண்டில் சமையலறை மூடப்பட்டால் உங்களைக் காப்பது சேவை ஒப்பந்தம் மட்டுமே.

கிரயமா, வாழ்நாள் வைப்புத்தொகையா, வாடகையா?

கிரயம் செய்தால் சொத்து உங்கள் வாரிசுக்குப் போகும். பத்திரப்பதிவுக்கு முத்திரைத்தீர்வை 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் பொதுவான கணக்கு. வைப்புத்தொகை முறையில் பெருந்தொகை ஒன்றைச் செலுத்தி வாழும்வரை தங்குகிறீர்கள். விலகும்போது பிடித்தம் போக மீதி திரும்ப வரும். அந்த மீதி எத்தனை நாளில் வரும், அடுத்தவர் குடிவந்த பிறகுதானா என்ற இரண்டு வரிகளே அந்த ஒப்பந்தத்தின் உயிர். நடத்தும் நிறுவனம் நொடித்துப்போனால் வீட்டுக்குச் சொந்தக்காரராக இல்லாத நீங்கள் கடன்காரர்களின் வரிசையில் நிற்க நேரும்.

ஒரு கணக்கைப் பாருங்கள். எண்பது லட்சம் ரூபாய் வீடு என்று வைத்துக்கொள்வோம். அந்தத் தொகைக்கு 7 சதவீத வட்டி வந்தால் மாதம் சுமார் 46,600 ரூபாய். அதே வீடு மாதம் 25,000 ரூபாய் வாடகைக்குக் கிடைக்குமானால், வாங்காமல் இருப்பதால் மாதம் இருபதாயிரத்துக்கு மேல் கையில் நிற்கிறது. பிடிக்காவிட்டால் பெட்டியைக் கட்டிக்கொண்டு இறங்கிவிடவும் முடிகிறது. வாடகை உயரும், வட்டிக்கு வரியும் உண்டு என்பது உண்மைதான். இருந்தாலும், மலையில் ஒரு முழு ஆண்டு வாடகைக்கு இருந்து பார்க்காமல் எவரும் வாங்கக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து.

மாதக் கட்டணம் எப்படி உயரும்?

விற்பனையாளர்கள் இன்றைய கட்டணத்தை மட்டும் சொல்வார்கள். தம்பதியருக்கு உணவோடு 30,000 ரூபாய் என்று தொடங்கி ஆண்டுக்கு 8 சதவீதம் உயர்ந்தால், பத்தாண்டு முடிவில் அது ஏறத்தாழ 65,000 ரூபாய். ஓய்வூதியம் அந்த வேகத்தில் உயர்வதில்லை. மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் உச்சவரம்பான 30 லட்சத்தையும் போட்டவருக்கு, 2023 ஏப்ரலில் வந்த 8.2 சதவீத வட்டியில் மூன்று மாதத்துக்கு 61,500 ரூபாய், அதாவது மாதத்துக்கு 20,500 ரூபாய் வருகிறது. அந்தத் தொகை ஐந்தாண்டுக்கு நிலையானது, கட்டணமோ ஆண்டுதோறும் ஏறுவது. ஆகவே உயர்வுக்கு ஓர் உச்சவரம்பை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். சங்கம் வசூலிக்கும் பராமரிப்புத் தொகை மாதம் 7,500 ரூபாயைத் தாண்டி, சங்கத்தின் ஆண்டு வரவும் 20 லட்சத்தைத் தாண்டினால் 18 சதவீத ஜிஎஸ்டி சேரும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

மருத்துவ வசதி எப்படி?

இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இது. உதகையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை 2025-இல் திறக்கப்பட்டது நீலகிரிக்குப் பெரிய வரம். ஓய்வுபெற்ற படைவீரர்களுக்கு வெலிங்டன் இராணுவ மருத்துவமனை இருக்கிறது. பீல்டு மார்ஷல் சாம் மானெக்சா உட்படப் பல படை அதிகாரிகள் குன்னூர்ப் பக்கம் ஓய்வுக்காலத்தைக் கழித்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கும். இருந்தாலும், சிக்கலான இதய நோய்க்கும் மூளை அறுவைக்கும் இன்றும் பலர் கோயம்புத்தூருக்கே இறங்குகிறார்கள். கொடைக்கானலிலிருந்து மதுரை ஏறத்தாழ 120 கிலோமீட்டர். வத்தலக்குண்டு மலைப்பாதையில் மூடுபனி இறங்கிய இரவில் அதை எத்தனை மணி நேரத்தில் கடப்போம் என்று யாராலும் உறுதி தர முடியாது. மழைக்காலத்தில் பர்லியார் அருகே மண் சரிந்தால் குன்னூர்ச் சாலை மூடப்பட்டு, எல்லா வண்டியும் கோத்தகிரி வழியே சுற்றும்.

மற்றொன்றையும் பாருங்கள். மலை வீடுகள் பல சாலைமட்டத்துக்குக் கீழே, நாற்பது ஐம்பது படி இறங்கிய இடத்தில் இருக்கின்றன. கேஸ் சிலிண்டரை ஒருவர் தோளில் சுமந்து இறக்குகிறார். அதே படியில் மூச்சுத் திணறும் ஒருவரை நான்கு பேர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, திருப்பத்துக்குத் திருப்பம் நாற்காலியைச் சாய்த்து, மேலே நிற்கும் 108 வண்டிவரை தூக்கிச் செல்வதைப் பார்த்தவர்கள், சாலையோடு சமமாக இருக்கும் வீட்டைத்தான் தேடுவார்கள், காட்சி எவ்வளவு குறைந்தாலும்.

இரண்டாயிரம் மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஆஸ்துமா, நாள்பட்ட நுரையீரல் அடைப்பு, இதயச் செயலிழப்பு உள்ளவர்கள் தங்கள் மருத்துவரிடம் கேட்காமல் முடிவெடுக்கக் கூடாது.

கவனித்துக்கொள்ள ஆள் கிடைப்பார்களா?

நீலகிரியின் மக்கள்தொகை 2001-இல் 7,62,141, 2011-இல் 7,35,394. பத்தாண்டில் குறைந்துபோன மாவட்டம் இது. வேலை தேடி இளையவர்கள் கோவைக்கும் திருப்பூருக்கும் இறங்குகிறார்கள். தமிழகம் முழுவதுமே மூப்படைகிறது: அறுபது கடந்தவர்கள் 2011-இல் 10.4 சதவீதம், 2031-இல் 18.2 சதவீதமாக இருப்பார்கள் என்பது அரசின் கணிப்பு. முதியவர் கூடி, கவனிக்கும் கைகள் குறையும் இடத்தில்தான் இந்த வீடுகள் விற்கப்படுகின்றன. எனவே செவிலியர், உதவியாளர், சமையல்காரர் எங்கே தங்குகிறார்கள் என்று கேளுங்கள். வளாகத்துக்குள் பணியாளர் குடியிருப்பு கட்டியிருக்கும் நிறுவனத்தை நம்பலாம். "தேவைப்படும்போது கீழேயிருந்து வரவழைப்போம்" என்றால் மழை நாளில் ஒருவரும் வரமாட்டார்கள்.

எந்த ஊர் ஏற்றது? எந்த மாதத்தில் தங்கிப் பார்க்க வேண்டும்?

உதகை சுமார் 2,240 மீட்டர், கொடைக்கானல் சுமார் 2,100, குன்னூர் 1,850, கோத்தகிரி 1,800-ஐ ஒட்டியது. மூட்டுவலி உள்ளவர்களுக்கு உதகையின் டிசம்பர், ஜனவரி உறைபனி கடினமாக இருக்கும். கோத்தகிரியின் மிதமான குளிரும், பழனி மலையின் கீழ்ப்பகுதியான தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கமும் இதமானவை. ஆனால் கீழ்ப்பழனி ஊர்களில் மருத்துவ வசதி மெலிந்தது.

மே மாதத்தில் வந்து பார்த்து முன்பணம் கொடுப்பது பெரும் பிழை. குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் கொடைக்கானலுக்கும் அக்டோபர், நவம்பர் மாத வடகிழக்குப் பருவமழைதான் சோதனை. உதகையின் மேற்குப் பக்கத்துக்குத் தென்மேற்குப் பருவம். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 820 மில்லிமீட்டர் மழை பெய்தது. நவம்பரில் ஒரு வாரம் தங்கினால், படுக்கை விரிப்பு ஈரம் கோத்து உடம்போடு ஒட்டுவதையும், அலமாரியின் பின்பலகையில் பச்சையாகப் பூஞ்சணம் பூப்பதையும், அதைத் தடுக்க அலமாரிக்குள் பல்பை எரியவிடும் உள்ளூர் வழக்கத்தையும் நேரில் காண்பீர்கள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, கோடையில் லாரித் தண்ணீர் வாங்குகிறார்களா என்பதை மட்டும் மார்ச்சில் இன்னொரு முறை வந்து விசாரியுங்கள். காட்டுமாடும் கரடியும் அந்தியில் நடமாடும் ஊர்களில், மாலை நடைப்பயிற்சிக்கு வேலிக்குள்ளேயே பாதை இருக்க வேண்டும்.

வெளிநாட்டில் இருக்கும் மகன் எங்களுக்காக வாங்கித் தரலாமா?

வெளிநாடுவாழ் இந்தியர் குடியிருப்பு வீட்டை வாங்கலாம். விவசாய நிலம், தோட்ட நிலம், பண்ணை வீடு ஆகியவற்றை வாங்க முடியாது. தேயிலைத் தோட்டத்துக்குள் "காட்டேஜ்" என்று விற்கப்படுவது வருவாய்த்துறைப் பதிவேட்டில் தோட்ட நிலமாகவே இருக்கலாம். முதலில் அதைப் பாருங்கள்.

பிள்ளைகள் பார்க்க வந்தால் இ-பாஸ் வேண்டுமா?

வேண்டும். உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளி வண்டிகளுக்கு இ-பாஸ் நடைமுறை வந்தது. உள்ளூர்ப் பதிவு வண்டிகளுக்கு விலக்கு உண்டு.

ஊரில் இருக்கும் வீட்டை விற்றுவிட்டு வரலாமா?

முதல் இரண்டு ஆண்டுகளுக்கு வேண்டாம். மலையிலிருந்து இறங்க வேண்டிய நிலை வந்தால் கால் வைக்க ஓர் இடம் வேண்டும். வீட்டைப் பிள்ளைகளின் பெயருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வருவதாக இருந்தால், தங்களைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதுங்கள். 2007-இன் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு, அந்த நிபந்தனை மீறப்பட்டால் எழுதிக் கொடுத்ததை ரத்து செய்ய வழி தருகிறது. பழைய வீட்டை விற்ற லாபத்தில் புது வீடு வாங்கினால் உரிய காலத்துக்குள் மூலதன ஆதாய வரிச் சலுகை கிடைக்கும். வைப்புத்தொகை முறைக்கும் அது பொருந்தும் என்று நம்பி இறங்காமல், ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பின்னால் விற்க முடியுமா?

முடியும், ஆனால் மெதுவாக. வயது வரம்பு இருப்பதால் வாங்குவோர் வட்டம் சிறியது. நாற்பது வயது வாரிசுக்குச் சொத்து வந்தாலும் அவர் அங்கே குடியிருக்க முடியாமல், கட்டணம் மட்டும் கட்டிக்கொண்டிருக்க நேரும். கைமாற்றுக் கட்டணம் எவ்வளவு, நிறுவனத்தின் மூலமாகத்தான் விற்க வேண்டுமா, ஆளில்லாத வீட்டுக்கு உணவுக் கட்டணம் நிறுத்தப்படுமா என்பவற்றை வாங்கும் நாளிலேயே எழுத்தில் பெறுங்கள். விலை ஏறும் என்ற கணக்கில் இத்தகைய வீட்டை வாங்குபவர்களுக்கு நான் ஒருபோதும் ஆதரவாகப் பேசமாட்டேன். லாபம் வேண்டுமானால் வேறு இடங்கள் உண்டு.

கணவன் மனைவியில் ஒருவர் காலமானபின் மற்றவரின் நிலை என்ன?

பெரும்பாலான குடும்பங்கள் கேட்கத் தயங்கும் கேள்வி இது, தயங்கவே கூடாது. பத்திரத்தில் இருவர் பெயரும் இருக்கட்டும். வைப்புத்தொகை ஒப்பந்தம் என்றால், எஞ்சியவரின் தங்கும் உரிமை எந்தப் புதுத் தொகையும் இன்றித் தொடரும் என்று தனி வரியில் எழுதப்பட வேண்டும். ஒருவருக்கான மாதக் கட்டணம் இருவர் கட்டணத்தில் பாதியாக இருக்காது. பராமரிப்புப் பகுதி முழுமையாகவே நீடிக்கும், உணவுப் பகுதி மட்டும் குறையும். எஞ்சியவர் நினைவாற்றல் இழந்தாலோ படுக்கையானாலோ அதே வளாகத்தில் வைத்துக் கவனிப்பார்களா, அல்லது வேறிடம் தேடச் சொல்வார்களா என்பதற்கும் ஒப்பந்தத்தில் விடை இருக்க வேண்டும். நலமாக நடமாடுபவர்களுக்கு மட்டும் என்று விளம்பரம் செய்யும் குடியிருப்புகளில் இந்தக் கடைசிப் பிரிவு பல நேரம் வெற்றிடமாகவே விடப்படுகிறது. அதை நிரப்பித் தராதவரிடம் முன்பணம் செலுத்த வேண்டாம்.